விமானப் பயண நேரத்தை நீங்களே கணக்கிட ஒரு வழி

தொலைவில் உள்ள இரண்டு நகரங்களுக்கு இடையிலான வான்வழித் தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து, 850ஆல் வகுத்து, அதோடு அரை மணி நேரம் கூட்டுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு, அதற்காகத்தான் அந்த அரை மணி. லண்டன் – நியூயார்க் சுமார் 5,550 கி.மீ. கணக்குப்படி ஏறத்தாழ 7 மணி நேரம்.

ஆனால் திசையையும் பாருங்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்றால், நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குச் சீக்கிரம் வந்துவிடலாம். எதிர்த்திசையில் சுமார் ஒரு மணி நேரம் கூடுதலாகும்.

பலரும் குழம்புவது டிக்கெட்டில்தான். அதில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். நியூயார்க்கில் இரவு 9 மணிக்குக் கிளம்பி லண்டனில் காலை 9 மணிக்கு இறங்கினால் 12 மணி நேரப் பயணம் என்று நினைக்காதீர்கள். லண்டன் 5 மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதைக் கழித்தால் 7 மணி நேரம்தான். அப்புறம், மார்ச்சில் சில வாரங்களும், அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கி ஒரு வாரமும் இந்த வித்தியாசம் 4 மணி நேரமாகும். இரண்டு நாடுகளும் கோடை நேரத்துக்கு (கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பது) மாறுவதும் அதிலிருந்து திரும்புவதும் வெவ்வேறு தேதிகளில். அந்த நாட்களில் இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் கட்டாயம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.