ப்ரொஃபசருக்கு மெயில் போடுறதுக்கு முன்னாடி ஒரு கிராஃப் போடுங்க

டிகிரி படிக்கும்போதே பிசிக்ஸ் ரிசர்ச்ல சேரணும்னா, ப்ரொஃபசரோட லேட்டஸ்ட் பேப்பர் ஒண்ண ஆர்க்சைவ்ல (arXiv, ஆராய்ச்சிப் பேப்பர்கள் போடுற வெப்சைட், 1991லேர்ந்து இருக்கு, காசே கிடையாது) எடுத்து அதுல இருக்கிற ஒரே ஒரு கிராஃப மட்டும் பைத்தான்ல நீங்களே போட்டுப் பாத்து, அந்தப் படத்தையும் மெயில்ல சேத்து அனுப்புங்க.

"உங்க ஆராய்ச்சில ரொம்ப ஆர்வம்"னு வர்ற மெயில் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், ஆனா கிராஃப் இருந்தா ஈக்வேஷன் புரிஞ்சிருக்கு, கோட் எழுத வருதுன்னு பாத்த உடனே தெரிஞ்சிடும். முழுசா ஒத்துப்போகலன்னாலும் பரவால்ல, லாக் ஸ்கேல்ல (1, 10, 100னு பத்து மடங்கா ஏறுற அளவுல) எந்த இடத்துல விலகுது, ஏன்னு நினைக்கிறீங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க, பேச்சு ஆரம்பிக்கிறதே அங்கதான். இந்த ஃபீல்டுல பிஎச்டி வரைக்கும் போக நமக்குப் பிடிக்குமாங்கிறதும் இதுலயே ஓரளவு தெரிஞ்சிடும்.

தியரி, சிமுலேஷன் பேப்பருக்குத்தான் இது சரியா வரும். லேப் எக்ஸ்பெரிமென்ட்னா டேட்டா நம்ம கைல இருக்காது, ஐரோப்பாவோட துகள் இயற்பியல் லேப் செர்ன் மாதிரி பெரிய குழுன்னா (2015ல வந்த, ஹிக்ஸ் துகளோட நிறை பத்தின பேப்பர்ல 5,000 பேருக்கு மேல ஆத்தர்) கிராஃப் போட்டது யாருன்னே தெரியாது. ஃபார்ம் போட்டு அப்ளை பண்ற சம்மர் ப்ரோக்ராமுக்கும் இது வேணாம், அங்க மார்க்கும் ரெகமெண்டேஷன் லெட்டரும்தான் முக்கியம்.