ஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் திறக்கிற டேப்கள்

டேப்பைத் தட்டினால் முழுப் பக்கமும் மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும் டேப் வரிசையை, ஜாவாஸ்கிரிப்ட் ஓடாவிட்டாலும் வேலை செய்யும்படி கட்டுவோம். முதலில் எச்டிஎம்எல்லை மட்டும் எழுதி முடியுங்கள். ஒவ்வொரு டேப்பும் ஒரு நிஜமான லிங்க். லிங்க் போகவேண்டிய இடத்தைச் சொல்லும் அதன் எச்ரெஃபில் தனியாகத் திறக்கக்கூடிய முழுப் பக்கத்தின் முகவரி இருக்க வேண்டும். வெறும் # போட்டு, தட்டும்போது ஸ்கிரிப்ட்டை ஓட்டும் ஆன்கிளிக்கை நம்பினால், ஸ்கிரிப்ட் கோப்பு வந்து சேராதபோது டேப்பை எத்தனை முறை தட்டினாலும் ஒன்றும் நடக்காது. மூன்று டேப் என்றால் மூன்று பக்கங்கள். மூன்றிலும் உள்ளடக்கம் ஒரே ஐடி (அடையாளப் பெயர்) கொண்ட டிவ் என்ற பெட்டி உறுப்புக்குள். ஜாவாஸ்கிரிப்ட்டை அணைத்துவிட்டு மூன்றும் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை.

ஸ்கிரிப்ட் தனிக் கோப்பில், பக்கம் படிக்கப்பட்ட பிறகே அதை ஓடவைக்கும் டிஃபர் சேர்த்து. டேப் வரிசையைச் சுற்றியுள்ள உறுப்பில் தட்டலைக் கவனிக்கும் ஒரே ஒரு கிளிக் லிசனர் போதும். கன்ட்ரோல், கமாண்ட், ஷிஃப்ட் ஏதாவது அழுத்தப்பட்டிருந்தால் தலையிடாமல் விட்டுவிடுங்கள். தட்டியவர் அதைப் புது பிரவுசர் டேப்பிலோ சாளரத்திலோ திறக்க நினைக்கிறார். மற்றபடி பிரவுசரின் இயல்பான செயலைத் தடுக்கும் பிரிவென்ட்டீஃபால்ட் செய்து, லிங்க்கின் முகவரியையே, பின்னணியில் பக்கத்தைக் கொண்டுவரும் ஃபெட்சிடம் கொடுங்கள். வந்த உரையை, எச்டிஎம்எல்லை உறுப்புகளாகப் பிரித்துத் தரும் டோம்பார்சர் வழியாகப் படித்து, அந்த ஐடி உள்ள டிவ்வை மட்டும் எடுங்கள்.

முழுப் பக்கத்தை இறக்குவது வீண் என்று தோன்றும். ஆனால் சர்வர் அதே முகவரியில் சிலசமயம் உள்ளடக்கத் துண்டையும் சிலசமயம் முழுப் பக்கத்தையும் அனுப்பினால், பிரவுசர் சேமித்துவைக்கும் கேஷ் குழம்பும். பேக் பொத்தானைத் தட்டியவருக்கு ஸ்டைல் இல்லாத வெறும் துண்டு வந்து நிற்கும். துண்டுதான் வேண்டுமென்றால் அதற்குத் தனி முகவரி வையுங்கள்.

பலர் சறுக்குவது பிழைகளில்தான். பக்கம் இல்லை என்ற 404 வந்தாலும் ஃபெட்ச் அதைத் தோல்வியாக எண்ணாது. வெற்றியா என்று சொல்லும் பதிலின் ஓகே மதிப்பை நீங்களே பார்க்க வேண்டும். எது தவறினாலும் ஒரே தீர்வு: லொகேஷனை அந்த லிங்க்கின் முகவரிக்கு மாற்றி, பிரவுசரை வழக்கம்போலப் போக விடுங்கள். அடுத்தடுத்து இரண்டு டேப்களைத் தட்டும்போது முதல் கோரிக்கையின் பதில் தாமதமாக வந்து இரண்டாவதை அழித்துவிடக்கூடும். புதுக் கோரிக்கைக்கு முன் பழையதை, கோரிக்கையை ரத்துசெய்யும் அபார்ட்கன்ட்ரோலரால் நிறுத்துங்கள். இப்படி நிறுத்தும்போதும் ஒரு பிழை வரும். அதைத் தோல்விக் கணக்கில் சேர்த்தால் பக்கம் தானாகத் தாவிவிடும், அதை மட்டும் பிரித்து ஒதுக்குங்கள்.

உள்ளடக்கத்தை வைப்பதற்கு முன்பே, பக்கத்தை ஏற்றாமல் முகவரியை மட்டும் மாற்றும் புஷ்ஸ்டேட்டை அழையுங்கள். வரிசை மாறினால் சார்பு முகவரி (பக்கத்தின் முகவரியை வைத்துக் கணக்கிடப்படுவது) கொண்ட படங்கள் பழைய முகவரியை வைத்துத் தேடப்பட்டு, உடைந்து தெரியும். பேக் பொத்தானைத் தட்டினால் வரும் பாப்ஸ்டேட் நிகழும்போது அப்போதைய முகவரியை ஏற்றினால் போதும், மீண்டும் புஷ்ஸ்டேட் வேண்டாம். உள்ளடக்கத்தை உறுப்புக்குள் வைக்கும் இன்னர்எச்டிஎம்எல் வழியே வந்த ஸ்கிரிப்ட் குறிச்சொற்கள் ஓடாது என்பதால், அவற்றைச் சார்ந்த பகுதிகளை நீங்களே இயக்க வேண்டும்.

திரைவாசிப்பான்களுக்கு உறுப்பின் பங்கைச் சொல்லும் டேப்லிஸ்ட், டேப், டேப்பேனல் ஆகிய ஏரியா (ARIA) ரோல்களை எச்டிஎம்எல்லில் எழுதாமல் ஸ்கிரிப்ட்டே சேர்க்கட்டும். ஸ்கிரிப்ட் இல்லாதபோது அவை சாதாரண லிங்க்குகள்தான். ரோல் சேர்த்ததும் விசைப்பலகைப் பொறுப்பும் உங்களுடையது. அம்பு விசைகள் ஃபோகஸை மட்டும் நகர்த்தட்டும், என்டரும் ஸ்பேஸும் ஏற்றட்டும். லிங்க்குக்கு ஸ்பேஸ் இயல்பாக வேலை செய்யாது, அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.