உறுத்தலை அடக்கப்போய் நாம் செய்யும் தவறுகள்

ஒலி, வெளிச்சம், துணி என்று சின்ன விஷயங்கள்கூடச் சிலருக்கு அதிகமாக உறுத்தும். பக்கத்து மேசையில் ஒருவர் பேனாவை டக் டக்கென்று அமுக்குகிறார். மற்றவர்கள் காதில் அது விழவே இல்லை. உங்களுக்கோ படித்த வரியையே நாலாவது முறை படிக்க வேண்டியிருக்கிறது. "கண்டுகொள்ளாதே, பழகிவிடும்" என்பார்கள். அதை நம்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் முதல் தவறு. ஒரே சீரான ஒலிக்கு மூளை பழகும். எப்போது வரும் என்று தெரியாமல் விட்டுவிட்டு வரும் ஒலிக்கு லேசில் பழகாது.

அடுத்த தவறு, தொல்லையை டெசிபலால், அதாவது ஒலி எவ்வளவு உரக்க இருக்கிறது என்பதால் மட்டும் அளப்பது. மின்விசிறி இரைச்சலில் நிம்மதியாக எழுதுகிறவர், இருவர் தணிந்த குரலில் பேசினால் தடுமாறிப்போகிறார். கோல், வெல்ஷ் என்ற ஆய்வாளர்கள் 1976இல் செய்த சோதனையில், புரியாத மொழிப் பேச்சுகூட, கண்ணால் பார்த்த எழுத்துகளை வரிசையாக நினைவில் வைப்பதைக் கெடுத்தது. அர்த்தம் இல்லாவிட்டாலும், மாறிக்கொண்டே இருக்கும் ஒலி கவனத்தைப் பிடித்து இழுக்கும். அதனால் பேச்சை மறைக்கப் பாட்டுப் போடாதீர்கள். மழை ஓசை போலச் சீரான ஒன்று போதும்.

நாள் முழுக்கக் காதை அடைத்துக்கொள்வது இன்னும் மோசம். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல செவித்திறன் உள்ளவர்கள் இரண்டு வாரம் காதடைப்பான் அணிந்தார்கள். பிறகு பழைய ஒலிகளே அவர்களுக்கு முன்னைவிட உரக்கக் கேட்டன. உள்ளே வரும் ஒலி குறைந்தால், செவிப்புலன் தன் கூர்மையைக் கூட்டிக்கொள்கிறது. தேவையான ஒரு மணி நேரத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றிவிடுங்கள்.

கண் கூசினால் உடனே வெளிச்சத்தைக் குறைக்கிறோம். பல கைபேசித் திரைகள் ஒளியைக் குறைப்பதே வேகமாக அணைந்து எரிந்துதான். குறைக்கக் குறைக்கச் சிமிட்டல் கூடும். திரையின் ஒளியைச் சற்றுக் கூட்டி வைத்து, அறை விளக்கையும் போட்டுப் பாருங்கள். பழைய சோக் வைத்த டியூப்லைட்டும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, தலைவலி சொல்லும். சட்டைக் கழுத்தின் லேபிள் உறுத்தினால் அதைக் கத்தரிக்காதீர்கள், மிஞ்சும் முனைதான் அதிகம் குத்தும். தையலைப் பிரித்து முழுதாக எடுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது, தாங்கவில்லை என்று சொல்லும் குழந்தைகளை "நடிக்காதே" என்று அதட்டுவது. கிளாஸ், சிங்கர் என்ற உளவியலாளர்கள் 1960களின் பிற்பகுதியில் நடத்திய சோதனையில், இரைச்சலைக் கேட்டவர்களில் சிலருக்கு, வேண்டுமானால் அதை நிறுத்தலாம் என்று ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் அதை அமுக்கவே இல்லை. ஆனாலும் பொத்தான் இல்லாதவர்களைவிட அவர்கள் அடுத்த வேலையை நன்றாகச் செய்தார்கள். தப்பிக்க வழி இருக்கிறது என்று தெரிந்தாலே தாங்கும் தெம்பு வரும். "தாங்க முடியவில்லையென்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்க்கொள்" என்று பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.