ஹான்சல், கிரெட்டல் கதையை லெனின்கிராட் முற்றுகைக்குள் எழுதுவது எப்படி

மூலம் கிரிம் சகோதரர்களின் கதை: வறுமையில் பெற்றோர் ஹான்சல், கிரெட்டல் என்ற அண்ணன் தங்கையைக் காட்டில் விடுகிறார்கள்; வழி அடையாளமாகப் போட்ட ரொட்டித் துணுக்குகளைப் பறவைகள் தின்றுவிடுகின்றன; தின்பண்ட வீட்டுச் சூனியக்காரி அவர்களைக் கொழுக்கவைத்துத் தின்னப் பார்க்கிறாள்; கிரெட்டல் அவளை அடுப்பில் தள்ளுகிறாள்.

முதலில் காலத்தைக் குறுக்குங்கள். சோவியத் நகரமான லெனின்கிராடை ஜெர்மன் படை சூழ்ந்து பட்டினி போட்ட இந்த முற்றுகை 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை நீண்டது. இந்தக் கதைக்கு 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரையான ஐந்து வாரமே போதும். அப்போது தொழிலாளிக்கு நாளுக்கு 250 கிராம் ரொட்டி. குழந்தைக்கும் வேலையில்லாதவருக்கும் 125 கிராம். அதிலும் பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் செல்லுலோசும் கலந்திருந்தன.

அடுத்து, மூலக்கதையின் பொருள்களை ஒரு தாளில் வரிசையாக எழுதி, அந்த ஊரில் அவற்றின் கதி என்ன என்று எதிரே குறியுங்கள். ரொட்டித் துணுக்கை யாரும் தரையில் போடமாட்டார்கள். கொத்தித் தின்னப் புறாவும் இருக்காது, புறாக்களையும் மக்கள் தின்றிருந்தார்கள். வழி காட்டச் சறுக்குவண்டித் தடம் இருக்கட்டும், புதுப்பனி அதை மூடட்டும். தின்பண்ட வீட்டைத் தேடி அலைய வேண்டாம். செப்டம்பர் 8 குண்டுவீச்சில் நகரின் பதாயெவ் உணவுக் கிடங்குகள் எரிந்து சர்க்கரை உருகி மண்ணில் இறங்கியது. அந்த மண்ணைத் தோண்டிக் கரைத்து, வடிகட்டிக் குடித்தார்கள். பிள்ளைகள் அங்கேதான் போய்ச் சேரவேண்டும்.

சூனியக்காரியிடம்தான் பெரும்பாலான பிரதிகள் கெடுகின்றன. அவளை ஜெர்மன் சிப்பாயாக்கினால் கதை பிரசார நாடகமாகிவிடும். நரமாமிசம் தின்பவளாக்கினால் வாசகர் அதிர்ச்சியோடு நின்றுவிடுவார். ரேஷன் அட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அட்டை மாதாமாதம் வந்தது. 3ஆம் தேதி இறந்தவரின் ரொட்டியை, சாவை மறைத்தால், மாதக் கடைசிவரை வாங்கலாம். இரண்டு பிள்ளைகளின் அட்டை நாளுக்கு 250 கிராம். பெற்றோர் பிள்ளைகளை விட்டுவிட்டு அட்டையை வைத்துக்கொள்கிறார்களா, அட்டையோடு அனுப்புகிறார்களா என்பதை முதல் பக்கத்திலேயே தீர்மானியுங்கள். சூனியக்காரிக் கிழவியின் ஆசையும் பயமும் அதிலிருந்தே வரும். அவள் பிள்ளைகளைக் கொழுக்க வைக்க மாட்டாள். புது அட்டை கிடைக்கும் 1ஆம் தேதிவரை அவர்கள் மூச்சு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வாள். அன்பா, கணக்கா என்று கிரெட்டலுக்கே புரியக்கூடாது.

அடுப்பில் தள்ளும் முடிவு இங்கே நடக்காது. வீடுகளில் இருந்தது 'புர்ஷூய்க்கா' என்ற சின்னத் தகர அடுப்பு. உடைத்த நாற்காலியும் புத்தகமும்தான் அதில் எரியும், ஆள் நுழையாது. கிழவி குளிரில் தூங்கியபடியே சாகட்டும். அட்டைகளைக் கிரெட்டல் தலையணைக்கடியிலிருந்து எடுக்கட்டும். கிழவியின் அட்டையையும் எடுக்கிறாளா என்பதே உச்சக்காட்சி.

மூலத்தில் ஒரு வாத்து அவர்களைத் தண்ணீருக்கு அக்கரை சேர்க்கும், இருவரையும் ஒன்றாகச் சுமக்காது. இங்கே அது, நகருக்கு அருகே உறைந்துகிடந்த லடோகா ஏரியின் பனிமேல் ஆட்களை முற்றுகைக்கு வெளியே கொண்டுபோகும் லாரி. ஆட்கள் பெருமளவில் வெளியேறியது 1942 ஜனவரிக் கடைசியில்தான். ஆகவே டிசம்பருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு மாதத்தை எப்படிக் கடந்தார்கள் என்று எழுதாமல் தாவாதீர்கள்.