நீளமான டூல் ரெஸ்ட் வாங்கும் முன் எதை அளக்க வேண்டும்?

சின்ன மரக்கடைசல் லேத்தோடு வரும் டூல் ரெஸ்ட், அதாவது கடையும்போது உளியைத் தாங்கும் இரும்புத் தாங்கி, பெரும்பாலும் 6 அங்குலம்தான் இருக்கும். கிண்ணம், பம்பரம் கடைய அது போதும். கட்டில் கால், மாடிப்படித் தூண் என்று 2 அடி மரத்தை ஏற்றும்போதுதான் தொல்லை: கொஞ்சத் தூரம் போனதும் மெஷினை நிறுத்தி ரெஸ்ட்டை நகர்த்த வேண்டும், நகர்த்திய இடத்தில் உளித்தடம் சேராமல் மெல்லிய படி ஒன்று விழும். சரி, நீளமானதை வாங்கலாம். ஆனால் நீளத்தைக் கடைசியாகப் பாருங்கள், முதலில் தண்டைப் பாருங்கள். ரெஸ்ட்டின் அடியில் நீண்டு, லேத்தின் நகரும் அடிப்பாகத்தில் உள்ள துளைக்குள் இறங்கும் கம்பிதான் தண்டு.

இருக்கிற ரெஸ்ட்டைக் கழற்றி, தண்டின் விட்டத்தை வேர்னியர் என்கிற நுண்ணளவுக் கருவியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டேப் இதற்குச் சரிவராது. 5/8 அங்குலத் தண்டு 15.9 மி.மீ., அதன் பக்கத்திலேயே 16 மி.மீ. தண்டும் விற்கிறார்கள், 1 அங்குலம் என்றால் 25.4 மி.மீ., ஆனால் 25 மி.மீ. தண்டும் உண்டு. 1 அங்குலத் தண்டு 25 மி.மீ. துளைக்குள் போகாது. 25 மி.மீ. தண்டு 1 அங்குலத் துளைக்குள் இறங்கும், ஆனால் திருகை இறுக்கும்வரை ஆடிக்கொண்டிருக்கும். திருகோணமலையில் இருந்துகொண்டு கொழும்பிலோ வெளியிலோ ஓடர் பண்ணுகிறவர்களுக்கு, தப்பான அளவு வந்தால் திருப்பி அனுப்புவது பெரிய அலைச்சல், அதனால் இந்த ஒரு அளவை இரண்டு தரம் சரிபாருங்கள்.

அடுத்தது உயரம். பாஞ்சோ என்று சொல்கிற அந்த நகரும் அடிப்பாகத்தின் மேல்முகத்திலிருந்து லேத்தின் சென்டர் (மரம் சுழலும் நடு அச்சு) வரை அளங்கள். புதிய ரெஸ்ட்டை முழுக்க இறக்கினால் அதன் மேல் விளிம்பு சென்டரை விட உளியின் தடிப்பளவாவது கீழே போக வேண்டும். தலைப்பகுதி தடித்த ரெஸ்ட் சின்ன லேத்தில் அவ்வளவு இறங்காது. தண்டு நீளமாக இருந்தாலும் லேத்தின் படுக்கையில் முட்டி நின்றுவிடும். குட்டையாக இருந்தால் திருகுக்குப் பிடிமானம் போதாது.

இப்போது நீளம். தொடங்குகிறவர்களுக்கு 12 அங்குலம் போதும் என்பேன். தண்டு நடுவில் ஒன்றுதான், ஓரத்தில் உளியை வைத்து அழுத்தினால் அந்தப் பாரம் நெம்புகோல் மாதிரி தண்டை முறுக்கும். ரெஸ்ட் நுனி துடிக்கும், மரத்தில் சுருள் சுருளாக அலைத்தடம் விழும். வேம்பில் அவ்வளவு தெரியாது, பாலை, முதிரை போன்ற வைரமான மரத்தில் பளிச்சென்று தெரியும். 18 அங்குலத்தைத் தாண்டினால் இரண்டு தண்டு வைத்தது வாங்குவதே நல்லது, அதற்கு இரண்டு பாஞ்சோ வேண்டும், செலவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முனைச் சென்டர்களுக்கு இடையே உங்கள் லேத் எவ்வளவு நீள மரத்தைப் பிடிக்கும் என்றும் பாருங்கள். ரெஸ்ட்டின் நுனி, மரத்தைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடைகளுக்குள் நுழையும் நிலை வரக்கூடாது.

ஊரில் கேட், கிரில் ஒட்டுகிற வெல்டிங் கடையிலும் செய்விக்கலாம். தண்டை இரும்பு லேத்தில் சரியான விட்டத்துக்குக் கடைந்து எடுத்து, முதலில் புள்ளி புள்ளியாக ஒட்டி, மூலைமட்டம் வைத்துப் பார்த்த பிறகே முழுசாக ஒட்டச் சொல்லுங்கள், சூட்டில் இரும்பு வளையும். உளி ஓடும் மேல் விளிம்புக்கு கடினப்படுத்திய உருளைக் கம்பி இருந்தால் மிக நல்லது. சாதாரண இரும்பில் உளியின் முனை பட்டுப் பட்டுப் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் உளி தட்டுப்பட்டு நின்றால் அது அப்படியே மரத்திலும் தெரியும். விழுந்தால் அரத்தால் நீளவாக்கில் தேய்த்துச் சமப்படுத்துங்கள்.

பொருத்தும்போது மெஷின் நின்றிருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. மரத்துக்கும் ரெஸ்ட்டுக்கும் ஒரு நூல் (1/8 அங்குலம்), மிஞ்சினால் இரண்டு நூல் இடைவெளி விட்டு இறுக்குங்கள். பிறகு மரத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். நீள ரெஸ்ட்டில் ஒரு ஓரம் சரியாக நிற்க, மறு ஓரத்தில் சதுரக்கட்டையின் மூலை இடிக்கும். இரண்டு நுனியையும் கண்ணால் பார்த்த பிறகுதான் முகம் முழுக்க மறைக்கும் கவசத்தைப் போட்டு, குறைந்த வேகத்தில் சுவிட்சைப் போட வேண்டும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையோரம் பட்டறை வைத்திருப்பவர்கள் வேலை முடிந்ததும் ரெஸ்ட்டைத் துடைத்து, மேல் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்துவிடுங்கள். உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். எண்ணெய் பூசினால் மரத்தூள் ஒட்டிக்கொள்ளும், மெழுகு என்றால் உளியும் வழுக்கிக்கொண்டு ஓடும்.