ஸ்பீக்கர் பெட்டி அடிக்கிறீர்களா? வாட்ஸை விடுங்கள், இந்த மூன்று எண்ணைப் பாருங்கள்

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் போய் ஸ்பீக்கர் கேட்டால் முதலில் இஞ்சிக் (அங்குலக்) கணக்கு வரும், அடுத்து வாட்ஸ். "தம்பி, பத்து இஞ்சி, ஆயிரம் வாட்ஸ், எந்தப் பெட்டியில போட்டாலும் அடிக்கும்." நானும் அதை நம்பி ஒன்றை வாங்கிக்கொண்டு, மொரட்டுவையில் தெரிந்த மரவேலை பாஸிடம் 25 லீட்டரில் மூடிய பெட்டி ஒன்று செய்வித்தேன். பெட்டி என்னவோ அருமை, ஒரு மூலை பிசகவில்லை. பாட்டைப் போட்டால்தான் தவிலும் 'தொம்', பேஸ் கிட்டாரும் 'தொம்', பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினாலும் அதே 'தொம்'. பாஸில் பிழையில்லை, பேஸில்தான் பிழை.

பெட்டியின் அளவைத் தீர்மானிப்பது இஞ்சியும் இல்லை, வாட்ஸும் இல்லை. எஃப்எஸ் (Fs), க்யூடிஎஸ் (Qts), விஏஎஸ் (Vas) என்ற மூன்று எண்கள்தான். ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961இல் எழுதியதையும், 1970களின் ஆரம்பத்தில் ரிச்சர்ட் ஸ்மோல் எழுதியதையும் வைத்து இவற்றைத் தீல்-ஸ்மோல் அளவுகள் என்பார்கள். நல்ல ட்ரைவர் (பெட்டியில் பூட்டும் தனி ஸ்பீக்கர்) என்றால் டேட்டா ஷீட்டில் இருக்கும்.

எஃப்எஸ் என்பது, பெட்டியில் போடாமல் வெறுமனே பிடித்துத் தட்டிவிட்டால் கோன் (முன்னால் ஆடும் கூம்பு) தானாக ஆடும் வேகம், ஹெர்ட்ஸில். க்யூடிஎஸ் என்பது அந்த ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பது. காந்தம் பலமாக இருந்தால் எண் சிறியது, ஆட்டம் சட்டென்று நிற்கும். விஏஎஸ்ஸில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். லீட்டரில் போட்டிருப்பதால் அதுதான் பெட்டியின் அளவு என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. கோனைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் எவ்வளவு தளர்வு என்பதை, அதே அளவு தளர்வாக இருக்கும் காற்றின் அளவாகச் சொல்வதுதான் விஏஎஸ். பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்தானே, இரண்டையும் ஒப்பிட வசதியாக லீட்டரில் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போடுவோம். எட்டு இஞ்சி ட்ரைவர் ஒன்று, எஃப்எஸ் 35, க்யூடிஎஸ் 0.40, விஏஎஸ் 60 லீட்டர். மூடிய பெட்டிக்குள் போனபின் க்யூடிஎஸ் ஏறும், ட்ரைவரும் பெட்டியும் சேர்ந்த அந்த மொத்த க்யூ 0.707 ஆக இருந்தால் பேஸ் மேடு பள்ளம் இல்லாமல் இறங்கும். 0.707ஐ 0.40ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 3.12, அதில் ஒன்றைக் கழித்தால் 2.12, 60ஐ அதால் வகுத்தால் சுமார் 28 லீட்டர். பெட்டிக்குள் ஆடும் வேகம் 35ஐ 0.707 / 0.40ஆல் பெருக்கினால் வரும், கிட்டத்தட்ட 62 ஹெர்ட்ஸ். ட்ரைவரின் முதுகும் உள்ளே வைக்கும் தாங்கு சட்டங்களும் இடம் பிடிக்கும், அதற்கு இரண்டு மூன்று லீட்டர் சேர்த்து உள்ளளவு 25 × 30 × 42 செ.மீ. என்று வைத்தால் 31.5 லீட்டர், சரி. பாஸிடம் சொல்லும்போது உள்ளளவா வெளியளவா என்று அழுத்திச் சொல்லுங்கள், 18 மி.மீ. பலகையில் வெளியளவு நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 3.6 செ.மீ. கூடும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் வெட்டிய ஓரங்களுக்கும் பெயின்ட் வேண்டும், நம் கடற்காற்றில் அது ஊறிப் பெருத்துவிடும்.

என் பத்து இஞ்சி வீணாய்ப் போன காரணமும் இதே கணக்கில் இருக்கிறது. பிறகு அளந்து பார்த்தேன்: எஃப்எஸ் 40, க்யூடிஎஸ் 0.72, விஏஎஸ் 70. 25 லீட்டரில் க்யூ 1.4 ஆகிவிட்டது, அதாவது 90 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மூன்றரை டெசிபெல் மேடு. அந்த 'தொம்' அதுதான். இதில் வேடிக்கை, க்யூடிஎஸ்ஸே 0.707ஐத் தாண்டிவிட்டதால் எவ்வளவு பெரிய மூடிய பெட்டி அடித்தாலும் அது அந்த எண்ணுக்கு இறங்காது.

குழாய் வைத்த பெட்டியா, மூடிய பெட்டியா என்ற சண்டைக்கு ஒரு குறுக்குவழி, எஃப்எஸ்ஸைக் க்யூஇஎஸ்ஸால் (Qes, க்யூடிஎஸ்ஸில் காந்தமும் சுருளும் தரும் மின் பங்கு) வகுப்பது. 50க்குக் கீழே மூடியது, 100 பக்கம் போனால் குழாய், இடையில் வந்தால் உங்கள் விருப்பம். கல்வெட்டு இல்லை, ஒரு கைகாட்டி.

வாட்ஸ் எண்ணை நான் பார்ப்பதே இல்லை என்று சொல்ல மாட்டேன், கடைசியாகப் பார்ப்பேன், அதுவும் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தாங்கும் வாட்ஸ்) என்று போட்டிருந்தால். அதைவிட எக்ஸ்மேக்ஸ் முக்கியம், கோன் ஒரு பக்கம் எத்தனை மி.மீ. ஒழுங்காகப் போய்வரும் என்பது. ஒரே சத்தத்தோடு 80 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறங்கினால் கோன் நான்கு மடங்கு தூரம் ஆட வேண்டும், வாட்ஸ் தீருமுன் எக்ஸ்மேக்ஸ் தீர்ந்துவிடும். ட்ரைவர் எவ்வளவு சத்தம் தரும் என்று போட்டிருக்கும் டெசிபெல் எண்ணிலும் ஒரு தந்திரம் உண்டு: 2.83 வோல்ட்டில் அளந்தது என்றால் எட்டு ஓமுக்கு அது ஒரு வாட், நான்கு ஓமுக்கு இரண்டு வாட், ஆகவே நான்கு ஓம் ட்ரைவரில் மூன்று டெசிபெல்லைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

டேட்டா ஷீட் இல்லையா? அளக்கலாம். அம்ப்ளிஃபயருக்கும் ட்ரைவருக்கும் நடுவில் 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, ஃபோனில் டோன் ஜெனரேட்டர், ட்ரைவரின் இரு முனைகளிலும் வைக்க மில்லிவோல்ட் ஏசி காட்டும் மீட்டர் (மலிவு மீட்டர்களில் ஏசி 200 வோல்ட்டில் தொடங்கும், அது இதற்கு உதவாது). முதலில் ட்ரைவருக்குப் பதில் 10 ஓம் ரெசிஸ்டரை வைத்து எத்தனை மில்லிவோல்ட் என்று குறித்துக்கொண்டால் மற்றதை ஓமாக மாற்றலாம். 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றுங்கள், எண் உச்சிக்குப் போகும் இடம் எஃப்எஸ். மேலே சொன்ன எட்டு இஞ்சியில் 35 ஹெர்ட்ஸில் 54 ஓம் வந்தது, சாதாரண டிசி ஓம் 6. 54ஐ 6ஆல் வகுத்தால் 9, அதன் வர்க்கமூலம் 3, ஆக 18 ஓம் காட்டும் இரண்டு இடங்களைத் தேடினேன்: 23.4, 52.4. இடைவெளி 29. 35ஐ 3ஆல் பெருக்கி 29ஆல் வகுத்தால் க்யூஎம்எஸ் (Qms, ஸ்பிரிங்கும் உராய்வும் தரும் பங்கு) 3.6, அதை 9 கழித்தல் 1, அதாவது 8ஆல் வகுத்தால் க்யூஇஎஸ் 0.45. இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் க்யூடிஎஸ் 0.40.

விஏஎஸ்ஸுக்கு அளவு தெரிந்த மூடிய பெட்டி ஒன்று வேண்டும். ட்ரைவரை அதில் காற்று கசியாமல் பூட்டி மறுபடி உச்சியைத் தேடி, புது ஹெர்ட்ஸை எஃப்எஸ்ஸால் வகுத்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கழித்துப் பெட்டியின் லீட்டரால் பெருக்கினால் போதும். மொரட்டுவைப் பெட்டி இப்போது அதற்குத்தான் இருக்கிறது, சரியாக 25 லீட்டர்.