மொழிபெயர்ப்பைத் தட்டும் முன் டிக்‌ஷனரியைத் திறவுங்கள்

பெங்களூரு அல்சூரில் சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், பள்ளியில் மட்டும் ஆங்கிலம் என்று வளர்கிறவர்கள். புரியாத வார்த்தை வந்தால் போனில் மொழிபெயர்ப்பில் போடுகிறார்கள், ஒற்றைத் தமிழ்ச் சொல் வருகிறது, அதோடு சரி. இந்தப் பழக்கத்தைத்தான் முதலில் மாற்றணும்.

போன வாரம் ஒரு பையன் ‘பாரோ மீ எ பென்சில்’ என்றான். ‘பாரோ’ கடன் வாங்குவது, அவன் சொல்ல வேண்டியது ‘லெண்ட்’, அதாவது கடன் கொடுப்பது. அவன் மேல் தப்பில்லை, வாங்கினாலும் கொடுத்தாலும் நமக்குக் கடன் கடன்தானே! கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி இணையத்தில் இலவசம். அதில் ‘பாரோ’வை எடுத்து, அர்த்தத்தை விட்டுவிட்டு கீழே இருக்கிற உதாரண வாக்கியங்களை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொன்னேன், அடுத்து ‘லெண்ட்’. கொஞ்ச நேரத்தில் அவனே, “அக்கா, பாரோவுக்கு ஃபிரம் வருது, லெண்டுக்கு டு வருது” என்றான். நான் பத்து தடவை விளக்கியிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்காது.

அதே டிக்‌ஷனரியில் பல சொற்களுக்குப் பக்கத்தில் ஏ1, பி2 என்று குறி இருக்கும். ஏ1 தொடக்க நிலை, சி2 உச்சம். ஆறாம் வகுப்புப் பிள்ளை சி2 சொல்லோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்த நேரத்தில் ஏ2 சொல் இரண்டு படிக்கட்டும்.

ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால் உச்சரிப்பு கேட்கும். மூன்று தடவை கேட்டுவிட்டு நாலாவது தடவை கூடவே சொல்லணும். நோட்டில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுத விடாதீர்கள். ‘வெ-ஜி-ட-பிள்’ என்று நாலு அசையாக எழுதினால் அதுவே நாக்கில் ஒட்டிக்கொள்ளும், கேட்டுப் பாருங்கள், மூன்றே அசைதான்.

அறிவியல் பாடத்துக்கு மட்டும் தமிழ்ச் சொல் நல்ல துணை. ஆங்கில விக்கிப்பீடியாவில் ‘ஃபோட்டோசிந்தசிஸ்’ பக்கத்தைத் திறந்து மொழிப் பட்டியலில் தமிழைத் தட்டினால் ஒளிச்சேர்க்கை வந்துவிடும். அதே பட்டியலில் சிம்பிள் இங்கிலீஷ் என்றும் ஒன்று இருக்கும், எளிய ஆங்கிலத்தில் அதே விஷயம்.

வாசிப்புக்கு ஸ்டோரிவீவர் என்ற கதை இணையதளம். நம்ம பெங்களூரு பதிப்பகம் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது, கதைகள் நாலு நிலைகளில் இருக்கின்றன, நிறையக் கதைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் உண்டு. இன்றைக்குத் தமிழில் வாசித்த கதையை நாளைக்கு ஆங்கிலத்தில் வாசிக்கக் கொடுங்கள், கதை தெரிந்திருப்பதால் பாதி வார்த்தைகளைப் பிள்ளைகளே ஊகித்துவிடுவார்கள். வகுப்பில் நெட் கிடைக்காதென்றால் முந்தின ராத்திரியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.